சுற்றிலும் தெரு இருக்கும் ஒரு தீவு

தெஜிமாவைத் தீவு என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். நாகசாகியில் டிராமில் ஏறி அதே பெயருள்ள நிறுத்தத்தில் இறங்கினால் முன்னால் தெரிவது சிக்னல், அலுவலகக் கட்டடங்கள், சாலையோரமாகக் கறுப்பு ஓடு வேய்ந்த மர வீடுகள், அவ்வளவுதான். கடலைத் தேடினால் கிடைக்காது. என் தம்பி ஃபுக்குவோக்காவில் வேலை பார்க்கிறான், அவன்தான் கூட வந்தான். "அக்கா, இதைப் பார்க்கவா என்னை லீவு போட வெச்ச?" என்று கேட்டான். கேட்டவன்தான் கடைசியில் சாத்தும் நேரம் வரைக்கும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான், அது வேறு விஷயம்.

கடல் போனதற்குக் காரணம் இருக்கிறது. 1888-இல் பக்கத்தில் ஓடும் நகஷிமா ஆற்றின் போக்கைத் திருப்புகிறோம் என்று தீவின் வடக்கு ஓரத்தை ஒரு பட்டையாக வெட்டி எடுத்துவிட்டார்கள். அப்புறம் துறைமுகத்தைப் பெரிதாக்க மண் கொட்டிக் கடலை நிரப்பினார்கள், 1904-இல் அந்த வேலை முடிந்தபோது தெஜிமா ஊரின் நடுவில் இருந்தது. 1922-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தும் உள்ளே பார்க்க ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. இன்றைக்கு அங்கே நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை கடந்த முப்பது ஆண்டுகளுக்குள் புதிதாகக் கட்டியவை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய கட்டடம் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால் மரத்தின் புதுவாசனையே உங்களுக்கு எரிச்சலைக் கிளப்பும்.

சரி, இது என்ன இடம்? வெளிநாட்டு வியாபாரிகளை அடைத்து வைப்பதற்கென்றே கட்டிய இடம். 1634-இல் ஷோகன் அரசு, அதாவது அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரின் அரசு, உத்தரவு போட, நாகசாகியைச் சேர்ந்த 25 பெரிய வணிகர்கள் பணம் போட்டு, கடலுக்குள் விசிறி வடிவத்தில் ஒரு தீவை நிரப்பி 1636-இல் முடித்தார்கள். மொத்தமே ஏறக்குறைய ஒன்றரை ஹெக்டேர். முதலில் வைத்தது போர்த்துகீசியர்களை. அவர்கள் வியாபாரத்தோடு மதத்தையும் இறக்குமதி செய்கிறார்கள் என்று ஷோகனுக்குக் கோபம். 1637-38-இல் ஷிமபாராவில் கிறித்துவக் குடியானவர்கள் கலகம் செய்ததும் அந்தக் கோபம் முற்றி, 1639-இல் போர்த்துகீசியர்களை மொத்தமாகத் துரத்திவிட்டார்கள். தீவு காலி. பணம் போட்டவர்களுக்கு வாடகை இல்லை. 1641-இல் ஹிராடோ என்ற வேறொரு துறைமுகத்தில் இருந்த டச்சுக்காரர்களைப் பெட்டி படுக்கையோடு இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வாடகை ஆண்டுக்கு 55 கான் வெள்ளி. கிலோ கணக்கில் பார்த்தால் இருநூறுக்கு மேல்.

அதிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஐரோப்பியர்கள் ஜப்பானில் கால் வைத்து வியாபாரம் செய்ய அனுமதி இருந்த ஒரே இடம் இந்தத் துண்டு நிலம். ஊருக்கும் தீவுக்கும் நடுவில் ஒரே ஒரு பாலம், சில அடி நீளம்தான், ஆனால் காவல் இருக்கும். கப்பித்தான் என்று அழைக்கப்பட்ட தலைமை வணிகர், ஒரு மருத்துவர், சில குமாஸ்தாக்கள் எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து டச்சுக்காரர்கள். அவர்களைச் சுற்றி அதைவிடப் பல மடங்கு ஜப்பானிய அதிகாரிகள், காவலர்கள், சமையல்காரர்கள், அப்புறம் துபாஷிகள், அதாவது மொழிபெயர்ப்பாளர்கள். துபாஷி வேலை அப்பன் பிள்ளை பேரன் என்று குடும்பத் தொழிலாக ஓடியது.

இப்போது ஆற்றைக் கடந்து உள்ளே போகும் பாலம் 2017-இல் போட்டது. அதில் நான் ரொம்ப நேரம் நின்றேன். பழைய கல் பாலம் எப்போதோ போய்விட்டது, தீவின் பழைய கரைச்சுவர் வரலாற்றுச் சின்னம் என்பதால் அதன்மேல் புதுப் பாலத்தின் பாரத்தை ஏற்றக்கூடாது, ஆகவே ஊர்ப்பக்கக் கரையில் மட்டும் பலமாக அடித்தளம் போட்டு, அந்தப் பக்கமே பாரத்தைத் தாங்கும்படி அமைத்திருக்கிறார்கள். முப்பத்தெட்டு மீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். நடக்கும்போது எதுவும் வித்தியாசமாகத் தெரியாது. தம்பி சிவில் படித்தவன், குனிந்து அடிப்பக்கத்தைப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

அந்தக் காலத்தில் இந்தப் பாலத்தின் முனையில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்திருக்கிறது. யார் யார் உள்ளே வரக்கூடாது என்ற பட்டியல். பரத்தையரைத் தவிர வேறு பெண்கள் வரக்கூடாது. கோயா மலை பௌத்தத் துறவிகளைத் தவிர வேறு சாமியார்கள் வரக்கூடாது. பிச்சைக்காரர்கள் வரக்கூடாது. அனுமதி இல்லாமல் டச்சுக்காரர்கள் வெளியே போகக்கூடாது. ஓர் அரசாங்கம் எதை எதைப் பார்த்துப் பயந்தது என்று தெரிந்துகொள்ள இந்தப் பலகை போதும்.

கப்பல் வருவதும் இதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்றில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் டச்சுக்காரர்களின் ஆசியத் தலைமையிடமான பட்டாவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) வரும், இலையுதிர் காலத்தில் திரும்பும். வந்ததும் துப்பாக்கி, வெடிமருந்து எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும். பைபிளையும் ஜெபப் புத்தகங்களையும் பீப்பாயில் போட்டு மூடி முத்திரை வைத்துவிடுவார்கள், திரும்பும்போதுதான் கைக்கு வரும். 1715-க்குப் பிறகு ஆண்டுக்கு இரண்டு கப்பல்தான் என்று கட்டுப்பாடு வேறு. மற்ற மாதங்களில் இந்தப் பத்துப் பதினைந்து பேரும் விசிறியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பதும், பில்லியர்ட்ஸ் ஆடுவதும், இறகுப்பந்து அடிப்பதுமாகக் காலம் தள்ளியிருக்கிறார்கள். மாடு, பன்றி, ஆடு வளர்த்திருக்கிறார்கள். காப்பி குடித்திருக்கிறார்கள்.

எனக்கு இந்த இடத்தில் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது வேறொன்று. நாகப்பட்டினம் எனக்கு அம்மா ஊர். 1658-இல் போர்த்துகீசியர்களிடமிருந்து அதைச் சண்டை போட்டுப் பிடித்ததும், 1690-இல் சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடம் ஆக்கியதும், அங்கே பெரிய கோட்டை கட்டி பீரங்கி ஏற்றியதும், தெஜிமாவில் இருந்த இவர்களின் முதலாளியான அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான். அதற்கு முன்னால் பழவேற்காட்டில் 1613-இலேயே கோட்டை எழும்பிவிட்டது. அங்கிருந்து நெசவாளர்களின் துணியோடு சேர்த்து, பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பட்டாவியாவுக்கு அனுப்பினார்கள். இங்கே என்னடா என்றால் அதே கம்பெனி வாடகை கொடுத்துக்கொண்டு, பைபிளைப் பீப்பாயில் வைத்துவிட்டு, வீட்டுக்காரர் மாடியிலேயே இருக்கும் வாடகை வீட்டில் இருப்பது மாதிரி சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. 1638-இல் ஷிமபாரா கலகக்காரர்கள் பதுங்கியிருந்த ஹாரா கோட்டைமேல் ஷோகனுக்காகத் தங்கள் கப்பலிலிருந்து பீரங்கி வைத்துச் சுட்டும் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் கிறித்துவர்கள், சுட்டவர்களும் கிறித்துவர்கள்தான், ஆனால் வியாபாரம் முக்கியம்.

ஆகவே "ஐரோப்பியர்கள் வந்தால் இப்படித்தான் நடக்கும்" என்று ஒரே கதையாக நாம் படித்தது இங்கே செல்லாது. எதிரில் ஒன்றுபட்ட, பலமான, ஆயுதம் வைத்திருந்த ஓர் அரசு இருந்தது, கூடவே வெள்ளியும் செம்பும் இருந்தது, கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையைக் குனிந்தார்கள். நம் கரையில் நாயக்கர்களும் சுல்தான்களும் மராட்டியர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் அடித்துக்கொண்டிருந்தபோது அதே ஆட்கள் நிமிர்ந்து நின்றார்கள். ஜப்பான்காரர்கள் செய்ததுதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை, சொந்த ஜனங்களுக்கே வெளிநாடு போனால் மரண தண்டனை என்று வைத்திருந்த அரசு அது. ஆனால் கம்பெனியின் குணம் என்று தனியாக ஒன்றும் இல்லை, எதிராளி எவ்வளவு விட்டுக்கொடுத்தாரோ அவ்வளவுதான் அதன் குணம் என்று தெஜிமாவில் நின்றால் தோன்றுகிறது.

தலை குனிந்தது என்பதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பித்தான் ஆண்டுதோறும் பரிசுப் பொருட்களோடு எதோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்குப் போய் ஷோகன் முன்னால் தவழ்ந்து வணங்கிவிட்டு வர வேண்டும். போய்வர மூன்று மாதம் ஆகும். 1790-க்கு மேல்தான் அது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்று குறைந்தது. 1691-இல் அந்தக் குழுவோடு போன ஜெர்மன் மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ஃபர் எழுதி வைத்திருக்கிறார்: ஷோகன் ட்சுனயோஷி தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு இவர்களை எழுந்திருக்கச் சொல்கிறார், நடக்கச் சொல்கிறார், ஒருவருக்கொருவர் எப்படி மரியாதை சொல்லிக்கொள்வீர்கள் என்று காட்டச் சொல்கிறார், ஆடச் சொல்கிறார், குடிகாரன் மாதிரி நடிக்கச் சொல்கிறார். கெம்ஃபர் ஒரு காதல் பாட்டுப் பாடியிருக்கிறார். நாகப்பட்டினத்துக் கோட்டைக்குள் இருந்தவர்களின் சகாக்கள்தான் இவர்கள்.

கப்பித்தான் வீடுதான் தீவிலேயே பெரியது. வெளியே இரண்டு பக்கமும் ஏறும்படி முக்கோணமாகப் படிக்கட்டு. உள்ளே தரையெல்லாம் ததாமிப் பாய், அதன்மேல் ஐரோப்பிய மேசை நாற்காலி, சுவரிலும் கூரையிலும் பூ அச்சிட்ட ஜப்பானியக் காகிதம். இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்று நினைத்தேன், ஆனால் பார்க்கப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெரிய கூடத்தில் ஒரு விருந்து மேசை போட்டு வைத்திருக்கிறார்கள். கிறித்துமஸ் கொண்டாட முடியாது அல்லவா, அதனால் குளிர்கால நாள் திரும்பும் பண்டிகை என்று சொல்லி ஒப்பேற்றியிருக்கிறார்கள். ஜப்பானிய அதிகாரிகளும் துபாஷிகளும்கூட விருந்துக்கு வருவார்களாம். உண்மை என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும்.

பண்டகசாலைகள்தான் எனக்குப் பிடித்தது. ஒன்று சர்க்கரைக்கு. சர்க்கரை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது, நாகசாகி கஸ்தேலா கேக் இன்றைக்கும் அவ்வளவு தித்திப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொன்று பதிமுகத்துக்கு, நம்மிடம் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறோமே, அந்தச் சிவப்பு மரக்கட்டைதான், சாயம் போடச் சயாமிலிருந்து வாங்கியிருக்கிறார்கள். அப்புறம் துணி. சோழமண்டலத்துத் துணிகள் பட்டாவியா வழியாக இங்கே வந்தன. சாந்தோமின் பெயராலேயே வழங்கிய கோடு போட்ட பருத்தித் துணிக்கு எதோவில், அதாவது அன்றைய டோக்கியோவில், அவ்வளவு மவுசு, பின்னால் உள்ளூர் நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்ய ஆரம்பித்தார்கள்.

பதிலுக்கு இங்கிருந்து போனது முதலில் வெள்ளி. 1668-இல் வெள்ளி ஏற்றுமதியைத் தடுத்ததும் செம்பு. கோபான் என்கிற தங்கக் காசும் போயிருக்கிறது. அந்தத் தங்கமும் செம்பும் நேராக ஹாலந்துக்குப் போகவில்லை, பெரும்பங்கு இந்தியாவுக்கு வந்தது. தங்கத்தைப் பழவேற்காட்டு நாணயச்சாலையில் உருக்கி வராகனாக அடித்து, அதைக் கொண்டு துணிக்கு முன்பணம் கொடுத்து, அந்தத் துணியை மறுபடி கிழக்கே விற்றார்கள். செம்புக் கம்பிகளைக் கரையோர ஊர்களில் விற்ற லாபம் தனி. ஐரோப்பாவிலிருந்து எடுத்து வந்த பணத்தை மட்டும் நம்பாமல் ஆசியாவுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சம்பாதித்த கம்பெனி. ஒரு சின்னச் செம்புக் கட்டியைக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இதில் ஒன்று எங்கள் பக்கத்து வீட்டு அண்டாவாக ஆகியிருக்கும் என்று தம்பி சொன்னான். ஆகியிருக்கலாம்தான்.

காட்சிகளில் குறை என்று சொன்னால், டச்சுக்காரர்களோடு வந்த ஆசிய அடிமைகள் ஓரமாகவே நிற்கிறார்கள். இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அக்கால ஓவியர் கவஹாரா கெய்காவின் படங்களில் அவர்களைத் தெளிவாகப் பார்க்கலாம், குடை பிடிக்கிறார்கள், தட்டு ஏந்துகிறார்கள், இசை வாசிக்கிறார்கள். பரத்தையர் வாழ்ந்த மருயாமாப் பகுதியிலிருந்து பாலம் தாண்டி வந்த பெண்களும் அப்படித்தான். கப்பித்தான்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, இவர்கள் பெயர் இல்லை.

மனைவிகளுக்கும் அனுமதி கிடையாது. 1817-இல் யான் கொக் ப்ளோம்ஹோஃப் என்பவர் கப்பித்தானாக வரும்போது மனைவி தித்சியா பெர்க்ஸ்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஊரே வேடிக்கை பார்த்தது, ஓவியர்கள் தித்சியாவை வரைந்து தள்ளினார்கள், ஷோகனுக்கு மனுப் போனது, பதில் முடியாது என்று வந்தது. டிசம்பரில் அதே கப்பலில் தாயையும் பிள்ளையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ப்ளோம்ஹோஃப் 1823 வரை இங்கேயே இருந்தார். தித்சியா 1821-இல் இறந்துபோனார். இருவரும் மறுபடி பார்த்துக்கொள்ளவே இல்லை. தித்சியாவின் முகம் மட்டும் நாகசாகியில் இன்றும் பொம்மைகளில் விற்கிறது.

அந்த ப்ளோம்ஹோஃப் காலத்தில் செய்த தெஜிமாவின் மாதிரி ஒன்று லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, முப்பதில் ஒரு பங்கு அளவில். வீடுகளை மறுபடி கட்டும்போது அந்த மாதிரி, கெய்காவின் ஓவியங்கள், தோண்டி எடுத்த அடித்தளக் கற்கள் மூன்றையும் வைத்துக்கொண்டு கட்டினார்கள். 2006-க்குள் பத்துக் கட்டடங்கள், 2016-இல் இன்னும் ஆறு. எந்த வீட்டை எதை வைத்துக் கட்டினோம், எது ஊகம் என்று உள்ளேயே விளக்கியிருக்கிறார்கள். இது எனக்கு முக்கியமாகப் பட்டது. புதிது என்பதை மறைத்துப் பழையது போல் அழுக்குப் பூசி வைக்கவில்லை. சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போயிருக்கிறேன், செதுக்கு வேலை செய்த டச்சுக் கல்லறைகள் அசல், தொட்டுப் பார்க்கலாம், ஆனால் அங்கே என்ன நடந்தது என்று தெரியாமலே கடற்காற்று வாங்கிவிட்டு வந்துவிடலாம். பழவேற்காட்டில் கோட்டை இருந்த இடம் முட்புதர். தெஜிமாவில் அசல் கொஞ்சம், விளக்கம் நிறைய. எனக்கு அசல் கல்லும் வேண்டும், ஆனால் இரண்டில் ஒன்றுதான் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இந்த மாதிரி இடத்துக்குத்தான் கூட்டிப்போவேன்.

நெப்போலியன் காலத்துக் கதை ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஹாலந்தை ஃபிரான்ஸ் விழுங்கியது, பட்டாவியாவை 1811-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், கம்பெனியோ 1799-இலேயே கலைந்துவிட்டது. கப்பித்தான் ஹென்ட்ரிக் டூஃப் மட்டும் இங்கே கொடியை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். கப்பல் வராத ஆண்டுகளில் நாகசாகி அதிகாரிகள் கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, துபாஷிகளைக் கூட வைத்துக்கொண்டு டச்சு-ஜப்பானிய அகராதி தயாரித்திருக்கிறார். 1808-இல் ஃபீட்டன் என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் டச்சுக் கொடி கட்டி ஏமாற்றி உள்ளே வந்து, வரவேற்கப் போன டச்சுக்காரர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு தண்ணீரும் உணவும் கேட்டு மிரட்டியது. கொடுத்து அனுப்பினார்கள். கப்பல் போனதும் நாகசாகி ஆளுநர் மட்சுதைரா யசுஹிதெ அவமானம் தாங்காமல் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

மருத்துவம், அறிவியல் பக்கம் தனியாக ஒரு பதிவு வேண்டும், அதனால் இங்கே அதைத் தொடவில்லை. இங்கே மருத்துவர்களாக இருந்த கெம்ஃபருக்கும் துன்பெர்குக்கும், பின்னால் அதே வேலைக்கு வந்த ஸீபோல்ட் 1826-இல் நட்டு வைத்த நினைவுக்கல் தோட்டத்தில் இருக்கிறது, தீவில் உண்மையிலேயே பழையவை என்று சொல்லக்கூடியவற்றில் அது ஒன்று, தவறவிட வேண்டாம். பக்கத்திலேயே முழுத் தீவையும் பதினைந்தில் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். சுற்றிக் கடல் இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அங்கேதான் பிடிபடும். வெளியே வந்ததும் பழைய கரை எங்கே ஓடியது என்று தரையில் குறித்து வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று நடக்கலாம். நான்கு பக்கமும் மறுபடி தண்ணீர் விட வேண்டும் என்று நகராட்சி நீண்டகாலத் திட்டம் வைத்திருக்கிறது. சாலையை என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆவல்.

போகிறவர்களுக்கு: ஃபுக்குவோக்காவின் ஹகாத்தா நிலையத்திலிருந்து ரயில், தகேயோ-ஒன்சென்னில் எதிர் நடைமேடையில் நிற்கும் ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு மாற வேண்டும், மொத்தம் ஒன்றரை மணி நேரம். நுழைவுச்சீட்டு நாங்கள் போனபோது 520 யென். காலை 8 முதல் இரவு 9 வரை திறந்திருக்கும், சாயங்காலம் கூட்டம் குறைவு. சைவக்காரர்கள் கையில் ஏதாவது கொண்டுபோவது நல்லது, ஊரின் பெருமையான தொருக்கோ ரைஸ் என்பது பிலாஃப், ஸ்பாகெட்டி, பன்றிக் கட்லெட் மூன்றும் ஒரே தட்டில். அசைவம் சாப்பிடுபவன் என்பதால் தம்பிக்குப் பிரச்சினை இல்லை.

நேரம் இருந்தால் ஹிராடோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம், சசெபோ வரை போய் அங்கிருந்து பஸ். டச்சுக்காரர்கள் தெஜிமாவுக்கு வருமுன் அங்கே பெரிய கல் பண்டகசாலை கட்டி முகப்பில் 1639 என்று ஆண்டைப் பொறித்துவிட்டார்கள். அது கிறித்து பிறந்த கணக்கு ஆண்டு ஆயிற்றே என்று சொல்லி ஷோகன் அரசு மறு வருடமே முழுக் கட்டடத்தையும் இடிக்க வைத்தது. 2011-இல் அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள், முகப்பில் 1639 என்ற எண்ணோடு.